நாரையின் கண்

எண்பதாவது சட்டையில்
நாரையின் கண் அலகுக்கு வந்துவிட்டது.

கறுப்பு, பிறகு வெள்ளை, கடைசியாகச் சிவப்பு.
சிவப்பு ஒரு பொட்டுதான், கண் மட்டும்.
முதல் பத்தில் பார்த்தது.
நாற்பதில் கன்னத்தில் வழிந்தது.
எண்பதில் அலகுக்குள் ஏறிக்கொண்டது
கடித்த மிளகாய்ப் பழம்போல.

கைப்பந்துக் குழுவின் நிமியா
ஒன்றை விரித்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.
"இது எங்களைப் பார்க்கவில்லை சுனில்தா,
சாப்பாட்டில் இருக்கிறது."
பாதி விலை எண்ணி வைத்தாள்.
வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

அசுன்சியோனில் ஜனவரி.
சுவருக்கு வியர்க்கும், உப்பு கட்டிபிடிக்கும்,
பைன் மரச்சட்டம் இரவெல்லாம் ஈரம் குடித்து
காலையில் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.
மேசையில் வைத்தால் மூன்று கால் நாற்காலி.

இழுவை அளக்கும் மானியை
லூக்கேயின் போட்டிக் கடை ஃபுல்ஹென்சியோ
சாயங்காலம்வரை தந்தார்.
ஈடாக தெர்லிஸின் மோட்டார் சைக்கிள் சாவி.

பத்தொன்பது சட்டங்கள்.
வலையின் நட்டநடுவில் மானியை இறக்கி
முள் நின்றதும் பென்சிலால் மரத்திலேயே எழுதினோம்.
ஒன்பது. பதினொன்று. எட்டு.
எட்டு நியூட்டனில் வலை எதையும் விடாது,
மை தடவியபின் துணியோடு ஒட்டிக்கிடந்து
மெல்ல, மனமில்லாமல் எழும்.
வலையின் கண் தளர்ந்தபின்
நாரையின் கண் எங்கே தங்கும்?

பதினாறு காட்டியது ஒன்றே ஒன்று.
தெர்லிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது நீ என்னோடு பேசாத வாரத்தில் இழுத்தது."

அன்றிரவு விலைப் பட்டியலோடு சண்டை.
அவனுக்கு உருளைச் சட்டம் வேண்டும்,
தளரத் தளர ஸ்பேனர் போட்டு முறுக்கலாம்.
எனக்கு அலுமினியம்,
ஒருமுறை ஒட்டினால் ஒட்டியதுதான்.
சட்டம் என்றால் அவனுக்குத் திருத்த முடியவேண்டும்,
எனக்கு வளையாமல் இருக்கவேண்டும்.
அவனுடைய ஒன்றின் விலையில் என்னுடையவை நான்கு.
பத்துமணிக்கு மின்சாரம் போனது.
இருட்டில் இருவரும்
அவரவர் கணக்கையே சத்தமாகக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

எட்டு அலுமினியம், ஒரு உருளை.
நாற்பத்துமூன்று இழை வலை வெள்ளைக்கு,
எழுபத்தேழு இழை கண்ணுக்கு.
வலைக்கும் துணிக்கும் நடுவே
ஒரு நாணயத்தின் கனம், அதற்குமேல் கூடாது.
மரச்சட்டங்களை எறியவில்லை.
தேர்தல் வருகிறது, ஒரே நிறம்.
வேட்பாளர் ஒரு மில்லிமீட்டர் விலகினால்
யார் அளக்கப் போகிறார்கள்.

முதல் நாள் இருபத்தைந்து.
நூறு சட்டை அடித்தபின் இருபத்தொன்று.
தெர்லிஸ் வாய் திறக்கவில்லை,
ஸ்பேனரை மட்டும் எடுத்து
என் கண்ணில் படும்படி ஆணியில் மாட்டினான்.

மார்ச்சில் நிமியா வந்தாள்.
ஏழு ஆட்டம், ஏழும் வெற்றி.
"இன்னும் நாற்பது வேண்டும்."
புதிய அச்சை எடுத்துக் காட்டினேன்.
கண், கண் இருக்கும் இடத்தில்,
ஊசி குத்தியதுபோல.
அவள் முகம் சுண்டிவிட்டது.
"இது வேண்டாம். அந்த மிளகாய் எங்கே?"

பழைய சட்டை ஒன்றை வாங்கிப் பலகையில் விரித்து
கண்ணிலிருந்து அலகுவரை
அளவுகோல் வைத்து அளந்தோம்.
பதினொன்றரை மில்லிமீட்டர்.

இப்போது தெர்லிஸின் உருளைச் சட்டத்தில்
தவறைத் தவறாமல் அடித்துக்கொண்டிருக்கிறேன்.
முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
மிளகாய் மயிரிழை நகரவில்லை.
இடையில் ஒருமுறை அவன் வந்து
வலையை விரலால் சுண்டிக் கேட்டான்,
கால் சுற்று முறுக்கினான்,
போனான்.